நேபாளக் காட்டுக்கு யார் காவல்?



மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்டால் உங்களுக்குக் கொண்டாட்டம்தான். புகைக்காக விடுமுறை விட்டதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 2021ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நம் பக்கத்து நாடான நேபாளத்தில் அப்படித்தான் நடந்தது. பல மாவட்டங்களில் காடு பற்றி எரிந்தது. புகை வந்து தலைநகர் காத்மாண்டுவை மூடிக்கொண்டது. வெளியே வந்தால் கண் எரிச்சல், மூச்சுத் திணறல். பள்ளிகளை நான்கு நாட்கள் மூடும்படி அரசு உத்தரவு போட்டது. 2024ஆம் ஆண்டிலும் அங்கே காட்டுத்தீ பெரும் தொல்லை கொடுத்தது.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. காடு வளர்ப்பதில் உலகமே பாராட்டும் நாடு நேபாளம். அப்படி அருமையாக வளர்த்த காடு ஏன் இப்படி எரிகிறது? வாருங்கள், கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

நம்முடையது இல்லை!

மலைக்கிராமத்து மக்களுக்குக் காடுதான் எல்லாம். அடுப்புக்கு விறகு, மாட்டுக்குத் தழை, வீட்டுக்கு மரம், வயலுக்கு இலை உரம். எல்லாமே அங்கிருந்துதான் வர வேண்டும்.

1957ஆம் ஆண்டில் நேபாள அரசு ஒரு சட்டம் கொண்டு வந்தது. தனியார் காடுகள் எல்லாம் இனி அரசுக்குச் சொந்தம் என்றது அந்தச் சட்டம். காட்டைக் காப்பாற்றுவதுதான் நோக்கம். ஆனால் நடந்தது வேறு. "நேற்றுவரை நம் காடு. இன்று அரசாங்கக் காடு. நமக்கென்ன?" என்ற எண்ணம் பல ஊர்களில் வந்துவிட்டது. மலைக்கு மலை காவல் போட அரசிடம் ஆட்களும் இல்லை. காட்டை வெட்டிப் புதிதாகக் குடியேறியவர்கள் ஒரு பக்கம், விறகுக்காக வெட்டியவர்கள் ஒரு பக்கம் என்று காடு சுருங்கியது. மொட்டையான மலைச்சரிவுகளில் மண் சரிந்தது. முதுகில் கூடையைக் கட்டிக்கொண்டு பெண்களும் சிறுமிகளும் விறகுக்காக மணிக்கணக்கில் நடந்தார்கள். அந்தச் சிறுமிகள் எப்படிப் பள்ளிக்குப் போயிருப்பார்கள், சொல்லுங்கள்!

சாவி ஊர் மக்கள் கையில்

1970களில் சிந்துபால்சோக் மாவட்டத்தில் தோகர்பா என்ற ஊர் மக்கள், அங்கிருந்த வன அதிகாரியுடன் சேர்ந்து தாங்களே மரம் நட்டுக் காவல் காத்தார்கள். இப்படிச் சில இடங்களில் கிடைத்த அனுபவத்தைப் பார்த்து அரசும் மெல்ல மெல்ல மனம் மாறியது. 1993ஆம் ஆண்டின் வனச் சட்டம், காட்டைப் பார்த்துக்கொள்ளும் உரிமையை ஊர் மக்களின் குழுக்களிடமே கொடுத்தது. நிலம் அரசுக்குச் சொந்தம். காட்டில் கிடைப்பதைப் பயன்படுத்தும் உரிமையும் காக்கும் பொறுப்பும் குழுவுக்கு. இதற்குச் "சமுதாயக் காடு" என்று பெயர்.

நம் ஊரில் அந்தக் காலத்தில் குடிமராமத்து என்று ஒரு வழக்கம் இருந்தது அல்லவா? ஏரித் தண்ணீரால் பயன் பெறும் ஊராரே கூடி ஏரியைத் தூர்வாரிக் கரையைச் சரிசெய்வார்கள். ஏறக்குறைய அதே மாதிரிதான் இதுவும்.

குழு எப்படி வேலை செய்கிறது? முதலில் காட்டில் என்னென்ன மரம், எவ்வளவு மரம் என்று கணக்கு எடுப்பார்கள். ஒரு வருடத்தில் எவ்வளவு வளர்கிறதோ, அதற்குள்தான் வெட்டலாம். வங்கியில் போட்ட பணத்தில் வட்டியை மட்டும் எடுத்துச் செலவு செய்து, முதலைத் தொடாமல் இருப்பது போல! எந்த மாதத்தில் தழை வெட்டலாம், எந்த நாட்களில் காய்ந்த விறகு பொறுக்கலாம், மீறினால் எவ்வளவு அபராதம் என்பதையெல்லாம் கூட்டத்தில் பேசி முடிவு செய்வார்கள். அதை எழுதி வன அலுவலகத்தில் ஒப்புதல் வாங்குவார்கள். வரும் வருமானத்தில் குறைந்தது 25 சதவீதம் காட்டுக்கே செலவாக வேண்டும். மீதியில் குடிநீர், பாதை, பள்ளிக்கூடம் என்று ஊர் வேலைகள் நடக்கும். நிர்வாகக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டு வழிகாட்டி நெறிகள் சொல்லின.

இன்று நேபாளத்தில் இப்படி 22 ஆயிரத்துக்கும் அதிகமான குழுக்கள் இருக்கின்றன. சுமார் 30 லட்சம் குடும்பங்கள் அவற்றில் சேர்ந்திருக்கின்றன. பலன்? அமெரிக்காவின் நாசா நிதி உதவியுடன் செயற்கைக்கோள் படங்களை வைத்து நடந்த ஆய்வில், 1992இல் நாட்டின் பரப்பில் 26 சதவீதமாக இருந்த காடு, 2016இல் 45 சதவீதமாக உயர்ந்திருப்பது தெரிய வந்தது!

குறையே இல்லையா?

இருக்கிறது, பிள்ளைகளே. எந்த நல்ல திட்டத்தையும் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.

பல ஊர்களில் வசதி படைத்தவர்களே குழுவில் முன்னால் உட்கார்ந்துகொண்டார்கள். "மரம் வளரட்டும், சில வருடம் யாரும் உள்ளே போகக் கூடாது" என்று முடிவு எடுத்தார்கள். சொந்த நிலத்தில் மரம் வைத்திருப்பவர்களுக்கு அதனால் கஷ்டம் இல்லை. அன்றாடம் விறகு பொறுக்கி அடுப்பு எரிப்பவர்களுக்கும், உலைக்குக் கரி தேவைப்படும் ஊர்க் கொல்லர்களுக்கும்தான் இடி விழுந்தது. காடு எல்லாருக்கும் பொது என்றால், முடிவெடுக்கும் இடத்திலும் எல்லாரும் இருக்க வேண்டும் அல்லவா? பெண்களுக்கும் ஏழைகளுக்கும் இடம் கொடுக்கும் விதிகள் பிறகு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

புதிருக்கு விடை

சரி, காடு ஏன் எரிகிறது?

மழை பொய்த்தது ஒரு காரணம். 2020-21 குளிர்காலத்தில் அங்கே மழை மிகக் குறைவு. காடு காய்ந்து கிடந்தது. பெரும்பாலான தீ மனிதர்களால்தான் தொடங்குகிறது. வயலில் வைத்த நெருப்பு பரவும்; அணைக்காமல் எறிந்த பீடியும் போதும்.

ஆனால் ஒரு பொறி பெரிய தீயாக வேண்டுமென்றால் கீழே எரிபொருள் வேண்டும். அந்த எரிபொருள்தான் சருகு. முன்பு ஊரார் சருகை அள்ளிக்கொண்டு போய் மாட்டுக் கொட்டிலில் பரப்புவார்கள். சாணத்தோடு கலந்து அது வயலுக்கு நல்ல உரமாகும். காட்டின் தரையும் சுத்தமாகும். இன்று மலைக்கிராமங்களின் இளைஞர்கள் லட்சக்கணக்கில் வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். ஊரில் இருப்பவர்களில் பலர் முதியவர்கள். மாடுகள் குறைந்தன. பல வீடுகளில் விறகடுப்பு போய்க் கேஸ் அடுப்பு வந்தது. சருகு அள்ள ஆளும் இல்லை, தேவையும் இல்லை. மொட்டை மலைகளில் அன்று நட்ட பைன் மரங்களின் ஊசி இலைகளோ தீக்குச்சி போலப் பற்றிக்கொள்ளும்! தீ பிடித்தால் ஓடி வந்து அணைக்கவும் கைகள் குறைவு.

ஆட்கள் ஊரை விட்டுப் போனதால் தரிசான வயல்களிலும் மரங்கள் தானாக முளைத்தன. காட்டின் பரப்பு கூடியதில் அதற்கும் பங்கு உண்டு. ஆக, பரப்பு கூடியது என்ற ஒரு கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு காடு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

முன்பு அளவுக்கு மீறி எடுத்ததால் காடு அழிந்தது. இப்போது எடுக்க வேண்டியதையும் எடுக்காததால் எரிகிறது. இரண்டு முறையும் நடந்தது ஒன்றுதான்: காட்டுக்கும் ஊருக்கும் இருந்த கொடுக்கல் வாங்கல் அறுந்துபோனது. முதல் முறை அதை அறுத்தது ஒரு சட்டம். இந்த முறை அறுப்பது பிழைப்பைத் தேடிப் போகும் பயணம்.

அதனால்தான் சில இடங்களில் சருகை அழுத்தி எரிகட்டி செய்கிறார்கள். அது அடுப்புக்கு ஆகும், காசும் கிடைக்கும். நேபாளத்தை ஒட்டியிருக்கும் நம் உத்தரகண்ட் மாநிலத்திலும், பைன் சருகைச் சேகரித்துத் தருபவர்களுக்கு அரசு பணம் கொடுக்கும் திட்டம் உள்ளது. காட்டு வேலையில் நியாயமான கூலி கிடைத்தால்தானே இளைஞர்கள் ஊரில் தங்குவார்கள்? வெறுமனே "காட்டைக் காப்பாற்று" என்று சொன்னால் வயிறு நிறையாதே!

நீங்களும் கேளுங்கள்

இனிமேல் செய்தித்தாளில் "காடு இத்தனை சதவீதம் வளர்ந்தது" என்று படித்தால், உடனே மூன்று கேள்வி கேளுங்கள். அந்தக் காட்டைப் பார்த்துக்கொள்வது யார்? அவர்களில் ஏழை வீட்டுக்கும் பங்கு கிடைக்கிறதா? அவர்களுடைய பிள்ளைகள் பெரியவர்களானதும் அந்த ஊரிலேயே பிழைக்க முடியுமா?

இந்த மூன்றுக்கும் விடை தேடிப் பாருங்கள். உங்கள் ஊரில் ஏரியோ, மேய்ச்சல் நிலமோ, கோயில் நந்தவனமோ இருந்தால், முன்பு அதை யார் கவனித்துக்கொண்டார்கள், எப்போது விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள்.