கேமரா யார் பக்கம் திரும்ப வேண்டும்?

ஒவ்வொரு சாதிய வன்கொடுமைக்குப் பிறகும் அதன் காணொளி நம் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. பார்க்கிறோம், கொதிக்கிறோம், பகிர்கிறோம். இந்தப் பகிர்தல் யாருக்குப் பயன்படுகிறது? காட்சிக் கலையில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் எனக்கு இந்தக் கேள்வியை அழுத்தமாக எழுப்பியது ஒரு காணொளிக் கலைப்படைப்பு.

அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் ஆர்தர் ஜாஃபா 2016இல் உருவாக்கிய ‘லவ் இஸ் தி மெசேஜ், தி மெசேஜ் இஸ் டெத்’ ஏழு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். பெரும்பாலும் பிறர் எடுத்த காட்சித் துண்டுகள். பின்னணியில் கான்யே வெஸ்ட்டின் பாடல். நடனம், விளையாட்டு, வழிபாடு, போராட்டம் என விரையும் காட்சிகளுக்கு நடுவே, 2015இல் தென் கரோலினாவில் ஓடிக்கொண்டிருந்த வால்டர் ஸ்காட்டைக் காவலர் ஒருவர் முதுகில் சுடுவதும் வருகிறது. வழிப்போக்கர் எடுத்த அந்தக் காணொளிதான் காவலர் சொன்ன கதையைப் பொய்யாக்கியது. அவருக்கு 20 ஆண்டுச் சிறை கிடைத்தது.

ஆகவே, படமெடுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டதைப் பதிவுசெய்த சிசிடிவி காட்சி, வழக்கில் சாட்சியமானது. அதையே தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்ப ஓட்டியபோது வெறும் தீனியானது. சாதி மீறிக் காதலிப்போருக்கு விடுக்கப்பட்ட மிரட்டலாகவும் ஆனது.

அதே ஆண்டு ஜூலையில் குஜராத்தின் ஊனாவில், செத்த மாட்டின் தோலை உரித்த தலித்துகளைக் காரில் கட்டிவைத்து அடித்தவர்கள், அதைத் தாங்களே படமெடுத்துப் பரப்பினார்கள். கறுப்பினத்தவரைக் கும்பலாகக் கொன்று, அந்தப் படங்களை அஞ்சலட்டைகளாக விற்ற வெள்ளை அமெரிக்காவின் வழக்கமும் இதுவே. ஊரறியக் காட்டுவது அந்த வன்கொடுமையின் ஒரு பகுதி. யோசிக்காமல் பகிரும்போது அந்த வேலையை நாமே முடித்துக்கொடுக்கிறோம்.

ஜாஃபாவின் படைப்பைப் பார்த்துப் பலர் அழுதார்கள். அழுதவுடன் மனசாட்சி லேசாகிவிடும் ஆபத்தும் அங்கே உண்டு. 2018இல் ‘தி ஒயிட் ஆல்பம்’ படைப்பில் அவர் தம் பார்வையை வெள்ளையர் பக்கம் திருப்பினார். 2019 வெனிஸ் பியனாலேயில் அதற்குத் தங்கச் சிங்கம் விருது கிடைத்தது. நமக்குத் தேவை இந்தத் திருப்பம்தான்.

ஊனாவுக்கு குஜராத் தலித்துகள் சொன்ன பதிலை நினைத்துப் பாருங்கள். செத்த மாடுகளைச் சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலக வாசலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். இனி தூக்க மாட்டோம் என்றார்கள். அதுவும் ஊரறிந்த காட்சிதான். ஆனால் அதில் தலைகுனிந்து நின்றது அரசு.

தோழர்களே, முழுக் காணொளி போக வேண்டிய இடம் வழக்கறிஞர், விசாரணை அதிகாரி, நீதிமன்றம். குடும்பத்தினரின் ஒப்புதல் இல்லாமல் அடிபட்ட உடலைப் பொதுவெளியில் போடாதீர்கள். அடித்தவரைப் பற்றி, வேடிக்கை பார்த்த ஊரைப் பற்றி, வழக்கின் நிலையைப் பற்றிப் பேசுங்கள். 2020 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கௌசல்யாவின் தந்தையை விடுதலை செய்து, ஐவரின் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. சங்கர் வெட்டப்பட்டதைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் அந்தத் தீர்ப்பைப் படித்தோம்?