தூங்கினாலும் காசு வருமா?

(மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை)



ஆண்டு மலருக்குக் கவிதைதான் கேட்டார்கள். காதல் கவிதைக்கு நம் கல்லூரியில் ஆள் பஞ்சமா என்ன? நான் காசைப் பற்றி எழுதுகிறேன்.

'பாஸிவ் இன்கம்' என்ற சொல்லைக் கேட்காத காது இன்று உண்டா? "ஒரு தடவை கட்டுரை எழுதி இணையத்துல போட்டுடு. அப்புறம் நீ தூங்கினாலும் காசு வரும்" என்கிறார்கள். முதலாம் ஆண்டுத் தம்பிகள் இரண்டு பேர் போன வாரம் மெஸ்ஸில் என்னைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, இதுக்கு ஒரு கோர்ஸ் இருக்காம், சேரலாமா?" என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

நானும் சேர்ந்தவன்தான். கட்டணம் 1,999 ரூபாய். அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்துக் கொடுத்த பணம். "கம்ப்யூட்டர் கோர்ஸ்மா" என்று சொல்லி வாங்கினேன். முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. கிடைத்தது 11 வீடியோ. அதில் இருந்ததெல்லாம் தேடினால் சும்மாவே கிடைக்கிற விஷயம். பாடம் நடத்தியவருக்குத் தூங்கும்போது காசு வந்தது உண்மைதான். ஆனால் அது கட்டுரையிலிருந்து வரவில்லை தோழர்களே, நம்மிடமிருந்து வந்தது!

சரி, கட்டுரையில் காசு எப்படித்தான் வருகிறது? பக்கத்தின் ஓரத்தில் விளம்பரம் ஓடும். அந்த இடத்தை விளம்பரம் தருபவர்கள் ஏலத்தில் எடுப்பார்கள். வந்த தொகையில் ஒரு பங்கு எழுதியவனுக்கு. கூகுள் இந்த ஆட்சென்ஸ் முறையை 2003ல் தொடங்கியது. தமிழ்ப் பக்கங்களுக்கு அது வந்து சேர்ந்தது 2018ல். கணக்குத் தொடங்க 18 வயது நிறைய வேண்டும். 100 டாலர் சேர்ந்தால்தான் பணத்தைக் கையில் தருவார்கள்.

ஆகஸ்டில் எனக்கு 18 நிறைந்தது. அதற்கு முன்பே 40 கட்டுரை தயாராக வைத்திருந்தேன். எப்படி 40 என்று கேட்கிறீர்களா? செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கி, அப்படியே ஒட்டியதுதான். சர்க்கரை நோய், பங்குச் சந்தை, முடி உதிர்வு... எனக்குத் தெரியாத சப்ஜெக்டே கிடையாது! 'மதிப்புக் குறைந்த உள்ளடக்கம்' என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், சரியான தீர்ப்பு.

ஆனால் எனக்குப் புத்தி வந்தது அதனால் இல்லை. அந்த 40ல் ஒன்று, 'சீலிங் ஃபேன் மெதுவாக ஓடுகிறதா?' என்பது. எதிர்வீட்டு அண்ணன் அதைப் படித்துவிட்டு, நம்ம பையன் எழுதியதாச்சே என்று, அதில் போட்டிருந்தபடி 25 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் கேட்டுக் கடைக்குப் போயிருக்கிறார். "ஃபேனுக்கா மோட்டாருக்கா?" என்று கடைக்காரர் சிரித்துவிட்டு 2.5 கொடுத்து அனுப்பியிருக்கிறார். ஒரு புள்ளி காணோம். மின்னியல் படிக்கிறவன் நான், ஒட்டும்போது ஒரு தடவை படித்துப் பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். கடைக்காரர் கேட்டதைக் கொடுத்திருந்தால், அண்ணனும் மாட்டியிருந்தால், வைண்டிங் புகைந்திருக்கும். அன்று இரவே 40ஐயும் அழித்தேன்.

பிறகு எனக்குக் கைப்பழக்கம் உள்ளதை மட்டும் எழுத ஆரம்பித்தேன். ஃபேன், மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், டியூப் லைட், வீட்டு எர்த்திங். லேபில் செய்து பார்த்து, படம் வரைந்து, மெயின் ஸ்விட்சை அணைக்கச் சொல்லி. ஒன்றுக்கு மூன்று மணி நேரம் ஆனது. இதுவரை 23 கட்டுரை. அக்டோபரில் அனுமதி கிடைத்தது. ஐந்து மாதத்தில் 10 டாலர்!

10 டாலர் ஆனதும் முகவரியைச் சரிபார்க்கத் தபாலில் ஒரு கடிதம் வரும். நம் வீட்டுக்கு வெளிநாட்டுக் கடிதமா என்று அம்மா கை துடைத்துக்கொண்டு வாங்கினார். "வேலைக்கு ஆர்டரா தம்பி?" பிரித்தால் உள்ளே ஆறு இலக்க எண் ஒன்று. அவ்வளவுதான். அதை அம்மாவுக்கு எப்படி விளக்குவது?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 23 கட்டுரைக்கு 69 மணி நேரம். 10 டாலரை ரூபாயாக்கினால் ஒரு மணிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று ரூபாய் தேறும். ஞாயிற்றுக்கிழமை வயரிங் வேலைக்கு உதவிக்குப் போனால் நாளுக்கு 600, அதுவும் சாயங்காலமே கையில். இதே வேகத்தில் 100 டாலர் ஆக நாலு வருஷத்துக்கு மேல் பிடிக்கும். டிப்ளமோ முடித்து, லேட்டரலில் பி.இ. சேர்ந்து, அதையும் முடித்து வெளியே வரும்போது என் முதல் சம்பளம் வந்து சேரும். அரியர் இல்லாமல் இருந்தால்!

அதுவரை இந்த வழி இருக்குமா என்பதும் ஒரு கேள்வி. அமெரிக்காவில் அசோசியேட்டட் கண்டென்ட், ஸ்குயிடூ என்று இரண்டு தளங்கள் இருந்தன. இரண்டும் 2005ல் தொடங்கியவை. யார் வேண்டுமானாலும் எழுதலாம், வருமானத்தில் பங்கு உண்டு. எத்தனையோ பேர் நூற்றுக்கணக்கில் எழுதிக் குவித்தார்கள். 2011ல் கூகுள் தன் தேடல் முறையை மாற்றி, சரக்கில்லாத பக்கங்களைக் கீழே தள்ளியது. 2014ல் இரண்டு தளங்களும் மூடப்பட்டன. இப்போது கேள்வி கேட்டால் தேடல் பக்கத்தின் தலைமாட்டிலேயே செயற்கை நுண்ணறிவு பதில் சொல்லிவிடுகிறது. நம் நாட்டில் 2024ல் வந்த ஏற்பாடு. பதில் அங்கேயே கிடைத்தால் கட்டுரைப் பக்கத்துக்கு எவன் வருவான்? அடுத்தவன் நிலத்தில் தென்னை நட்டால் இளநீர் நமக்குத்தான் என்று எந்தப் பத்திரத்தில் எழுதியிருக்கிறது?

ஆகவே தம்பிகளுக்கு நான் சொன்னது: கோர்ஸுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதே. இதை நம்பி ஞாயிற்றுக்கிழமை வேலையை விடாதே, அட்டெண்டன்ஸையும் விடாதே. எழுத ஆசையிருந்தால் எழுது. நீ மெக்கானிக்கல், லேத்தைப் பற்றித் தமிழில் எழுது. நீ சிவில், கட்டின சுவரில் விரிசல் ஏன் வருகிறது என்று எழுது. தமிழில் தேடுகிற ஜனம் இருக்கிறது. எனக்கே பிப்ரவரி கடைசியில் வெயில் ஏற ஏற ஃபேன் கட்டுரைக்கு ஆள் கூடியது.

"அப்போ காசு, அண்ணே?" என்றான் ஒருவன். விடமாட்டேன் என்கிறான்!

அன்று ராத்திரிதான் ஒரு வாசகரிடமிருந்து மெயில் வந்தது. 'தம்பி, நீங்கள் சொன்னபடி கெபாசிட்டர் மாற்றினேன், ஃபேன் இப்போது தலைகீழாகச் சுற்றுகிறது' என்று. நான் வரைந்த படத்தில் ஸ்டார்டிங், ரன்னிங் இரண்டு ஒயரும் ஒரே நிறத்தில் இருக்கின்றன. மாற்றிக் கொடுத்துவிட்டார் போல. மெயினை அணைத்துவிட்டு எந்த ஒயரை எங்கே மாற்ற வேண்டும் என்று பதில் எழுதிவிட்டு, படத்தை இரண்டு நிறத்தில் மறுபடி வரைந்து ஏற்றும்போது மணி பன்னிரண்டரை. ரூம்மேட் தூங்கிக்கொண்டிருந்தான்.