இயந்திரம் கொடுத்த வாக்கும் எங்கள் வாக்கே

விற்பனை, விளம்பர வேலைகளில் ஏஐ முகவர்களைப் பயன்படுத்துவது பற்றி, கோவை வட்டாரத்தில் பம்ப்செட் செய்யும் சிறு உற்பத்தியாளர் சங்கமான எங்கள் நிலைப்பாடு

விற்பனை வேலைக்கு ஏஐ முகவரை வைத்துக்கொள்வதை எங்கள் சங்கம் எதிர்க்கவில்லை. ஆனால் அது தானாக விலை முடிக்கக் கூடாது, தானாக வாரண்டி கொடுக்கக் கூடாது, தன்னை மனிதர் என்று காட்டிக்கொள்ளவும் கூடாது. இவற்றை மீறி அது எதையாவது சொல்லிவிட்டால் பொறுப்பு அந்த நிறுவனத்துடையது. மென்பொருள் மேல் பழி போடும் உறுப்பினருக்குச் சங்கம் துணை நிற்காது.

இதை இப்போது சொல்லக் காரணம் உண்டு. மாதச் சந்தா கட்டினால் தூங்காத, லீவு கேட்காத சேல்ஸ்மேன் கிடைப்பார் என்று மென்பொருள் விற்பவர்கள் எங்கள் பட்டறைகளின் படியேறிக்கொண்டிருக்கிறார்கள். பழைய தானியங்கிப் பதில்கள் 'விலைக்கு 1, சர்வீசுக்கு 2' என்பதோடு நின்றன. இவை வேறு ரகம். 'இந்த மாதம் ஆர்டரைக் கூட்டு' என்று ஒரு இலக்கைக் கொடுத்தால், வாட்ஸ்அப்பில் வந்த என்கொயரியைப் படித்து, ஸ்டாக் பார்த்து, கொட்டேஷன் தயாரித்து, அனுப்பி, பதில் வராவிட்டால் மறுநாள் நினைவூட்டுவது வரை தாமே முடிவெடுத்துச் செய்கின்றன. சொன்னதை மட்டும் செய்யும் கருவியைப் பற்றி யாரும் நிலைப்பாட்டு அறிக்கை எழுத வேண்டியதில்லை. இது சொல்லாததையும் செய்யக்கூடியது.

பயன் இருக்கிறது, தயங்காமல் சொல்கிறோம். எங்கள் உறுப்பினர்களில் பலர் காலையில் டெஸ்ட் பெட்டில் நிற்பார்கள், மாலையில் டீலரிடம் வசூலுக்குப் போவார்கள், இரவில் பில் போடுவார்கள். கோடையில் கிணறு வற்றத் தொடங்கியதும் போன் ஓயாது. இரண்டு நாள் கழித்துப் பதில் சொன்னால் அந்த விவசாயி பக்கத்துக் கடையில் மோட்டாரை வாங்கி இறக்கியிருப்பார். இரவு பத்து மணிக்கு வந்த கேள்வியைக் குறித்துக்கொண்டு, தேவையான விவரங்களைக் கேட்டு வாங்கி, காலையில் முதலாளியின் மேசையில் வைக்கும் உதவி பெரிய உதவி. கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் இருக்கும் டீலர்களுக்கு அவரவர் மொழியில் கேட்டலாக் தயாரிப்பது, பழைய வாடிக்கையாளர்களின் சர்வீஸ் தேதியை நினைவூட்டுவது, கொட்டேஷனை எழுதி வைப்பது எல்லாவற்றையும் தாராளமாகச் செய்யட்டும். பெரிய கம்பெனிகள் ஆள் வைத்துச் செய்ததை நாங்கள் இப்போதுதான் கைக்கு எட்டும் செலவில் செய்யப்போகிறோம்.

சிக்கல் அடுத்த படியில் தொடங்குகிறது. 'நானூறு அடி போர், அஞ்சு ஹெச்பி மோட்டார் என்ன விலை?' என்று ஒருவர் கேட்கிறார். விலைப்பட்டியலைப் பார்த்துப் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அனுபவப்பட்ட விற்பனையாளர் அந்த இடத்தில் விலை சொல்ல மாட்டார். தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, மோட்டார் ஓட ஓட எவ்வளவு இறங்குகிறது, கேசிங் நாலரை இஞ்சா ஆறரை இஞ்சா, லைன் சிங்கிள் பேஸா த்ரீ பேஸா, தண்ணீர் மேல்தொட்டிக்கு ஏறுகிறதா வாய்க்காலில் விழுகிறதா என்று கேட்பார். போரின் ஆழம் வேறு, மோட்டார் தண்ணீரைத் தூக்க வேண்டிய உயரம் வேறு. உயரம் கூடக் கூடத் தண்ணீரின் அளவு குறையும். பம்பில் எத்தனை ஸ்டேஜ் (அடுக்கு) என்ற கணக்கு தப்பினால் ஒன்று தண்ணீர் மேலே வராது, இல்லையென்றால் ஊற்றைவிட வேகமாக இறைத்துவிட்டு மோட்டார் வறண்டு ஓடி காயில் புகைந்துவிடும். அதை வெளியே எடுக்க ஆளும் வண்டியும் வைக்க வேண்டும். பயிர் காய்ந்த நஷ்டம் தனி.

இந்த முகவர்களை இயக்கும் இன்றைய மொழி மாதிரிகளுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. விவரம் போதாத இடத்தில் நின்று கேட்பதற்குப் பதில், பொருத்தமாகத் தோன்றும் ஒரு விடையைக் கோத்துச் சொல்லிவிடும். அதுவும் தடுமாறாமல் சொல்லும். புதிதாகச் சேர்ந்த பையன் தப்பாகச் சொன்னால் அவன் குரலிலேயே சந்தேகம் தெரியும், இதில் தெரியாது. ஆகவே மோட்டார் தேர்வைப் பொறுத்தவரை, முகவர் கேள்வி கேட்கலாம், விவரம் சேர்க்கலாம். 'இந்த மாடல்தான் உங்களுக்கு' என்று முடிவாகச் சொல்வது மனிதராகவே இருக்க வேண்டும்.

'சாட்பாட்தான் சொன்னது, நாங்கள் சொல்லவில்லை' என்ற வாதம் ஏற்கெனவே ஒரு தீர்ப்பாயத்தின் முன் வந்து தோற்றுவிட்டது. ஏர் கனடாவின் சாட்பாட், துக்கத்துக்குப் பயணம் செய்வோருக்கான சலுகைக் கட்டணத்தைப் பயணம் முடிந்த பிறகும் கேட்டுப் பெறலாம் என்று ஒரு பயணியிடம் சொன்னது. நிறுவனத்தின் விதி அப்படி இல்லை. சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனிச் சட்ட அமைப்பு என்கிற அளவுக்கு நிறுவனம் வாதாடிப் பார்த்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை நிராகரித்து, பயணிக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. தொகை சிறியது, சில நூறு டாலர். ஆனால் வாதம் செத்துவிட்டது.

நம் நாட்டுச் சட்டத்துக்கும் இது புதிதல்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 11-ஆம் பிரிவு, ஒருவர் சார்பில் தானாக இயங்கும்படி அமைக்கப்பட்ட கணினி அனுப்பும் மின்னணுப் பதிவை அவர் அனுப்பியதாகவே கொள்ள வேண்டும் என்கிறது. ஏஐ என்ற சொல் தெருவுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே எழுதிய வரி இது. முகவர் நள்ளிரவில் அனுப்பிய கொட்டேஷனும் முதலாளி அனுப்பிய கொட்டேஷன்தான் என்று எண்ணியே உறுப்பினர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டும்.

விலை விஷயத்தில் இன்னும் கறாராக இருக்கிறோம். 2023 டிசம்பரில் கலிபோர்னியாவின் வாட்சன்வில் நகரில் ஒரு ஷெவர்லே கார் விற்பனையகத்தின் சாட்பாட்டை ஒருவர் பேச்சிலேயே மடக்கி, புத்தம் புதிய காரை ஒரு டாலருக்குத் தருவதாகச் சொல்ல வைத்தார். கார் கைமாறவில்லை, ஊர் சிரித்ததோடு போயிற்று. எங்களுக்கு அதே ஆபத்து வேறு உருவத்தில் வரும். டீலருக்கு டீலர் டிஸ்கவுன்ட் வேறு, கடன் நாள் வேறு. அந்த ரகசியம் மொத்தத்தையும் முகவரிடம் கொடுத்துவிட்டு, அதையே வெளியாளோடு பேசவும் விட்டால், சாமர்த்தியமாகக் கேட்பவரிடம் அது கொட்டிவிடும். ஒரு மின்னஞ்சலுக்குள் 'முந்தைய உத்தரவுகளை மறந்துவிடு' என்று எழுதி அனுப்பினால் அதையும் உத்தரவாக எடுத்துக்கொள்ளும் பலவீனம் இவற்றுக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை. வெளியாளோடு பேசும் முகவருக்கு அச்சிட்ட விலைப்பட்டியல் மட்டும் போதும். தள்ளுபடி, கடன், வாரண்டி நீட்டிப்பு மூன்றையும் மனிதர் பார்த்து அனுமதித்த பிறகே அனுப்ப வேண்டும்.

இனி, தெரியாதவர்களைக் கூப்பிடுவது. இந்த வியாபாரத்தின் மிக அசிங்கமான மூலை இதுதான். டெலிகாலர் ஒருவர் எவ்வளவு பேசினாலும் தொண்டை கட்டும், மணி ஆறாகும். இயந்திரக் குரலுக்கு அந்த எல்லை கிடையாது. ஏற்கெனவே கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று மதியத் தூக்கத்தைக் கெடுக்கும் அழைப்புகளோடு நம் மோட்டாரும் சேர வேண்டாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2018-இல் கொண்டுவந்து 2025-இல் இறுக்கிய விதிகளின்படி விளம்பர அழைப்புகள் 140 வரிசை எண்களிலிருந்தே வர வேண்டும், வேண்டாம் என்று பதிந்தவரை அழைக்கக் கூடாது. பேசுவது மனிதரா இயந்திரமா என்பதால் அந்தக் கடமை குறைவதில்லை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இன்படி, ஒருவர் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவது கொடுத்ததைப் போலவே எளிதாக இருக்க வேண்டும். காசுக்கு விற்கும் எண் பட்டியலை வாங்கி முகவரிடம் கொடுக்கும் உறுப்பினரைச் சங்கம் கண்டிக்கும், திருந்தாவிட்டால் நீக்கும். தானாக விசாரித்தவருக்கும் பழைய வாடிக்கையாளருக்கும் மட்டுமே முகவர் செய்தி அனுப்பலாம். 'வேண்டாம்' என்று ஒருமுறை சொன்னால் அதோடு நிறுத்த வேண்டும்.

பேசத் தொடங்கும்போதே 'நான் கணினி உதவியாளர்' என்று சொல்ல வேண்டும். விற்பனை நோக்கத்தோடு பேசும் பாட், தான் பாட் என்பதை மறைத்து ஏமாற்றக் கூடாது என்று கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதலே சட்டம் இருக்கிறது. இங்கும் சட்டம் சொல்லட்டும் என்று நாங்கள் காத்திருக்கப்போவதில்லை. ஊர்ப் பெயரெல்லாம் விசாரித்துக் கொங்குத் தமிழில் 'சொல்லுங்கண்ணா' என்று குழைந்து பேசும் இயந்திரத்தை மனிதர் என்று நம்பி ஒரு பெரியவர் தன் கடன் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டிருப்பது வியாபாரம் அல்ல.

பொய் விமர்சனம் எழுதுவது, 'இன்றோடு சலுகை முடிகிறது' என்று தினமும் சொல்வது போன்றவை பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. போலி அவசரம் உட்பட 13 ஏமாற்று உத்திகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரிலேயே பட்டியலிட்டுத் தடுத்துவிட்டது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. இலக்கை மட்டும் கொடுத்து எல்லையைக் கொடுக்காவிட்டால் முகவர் இந்தக் குறுக்குவழிகளைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும் என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்.

ஆட்களைப் பற்றி எங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. அதை மறைப்பதில் பயனில்லை. டெலிகாலர் வேலையை முகவரிடம் கொடுத்து ஆட்களைக் குறைப்பது நிர்வாகத்தின் உரிமை என்று சிலர் வாதிட்டார்கள். ஸ்வீடன் நிதி நிறுவனமான கிளார்னா 2024-இல் தன் ஏஐ உதவியாளர் 700 பேரின் வேலையைச் செய்கிறது என்று பெருமையாக அறிவித்து, மறு ஆண்டே தரம் குறைந்ததை ஒப்புக்கொண்டு மறுபடி ஆள் எடுக்கத் தொடங்கியதை மற்றவர்கள் சுட்டிக்காட்டினார்கள். நாங்கள் உடன்பட்டது இவ்வளவுதான்: விற்பனையாளர் தேடிப் பிடித்த டீலரிடம் முகவர் ஃபாலோ-அப் செய்து ஆர்டர் வந்தாலும் இன்சென்டிவ் அந்த விற்பனையாளருக்கே. ஊழியர்களின் பேச்சுப் பதிவைக் கேட்காமல் எடுத்து முகவரைப் பழக்கக் கூடாது. டெலிகாலர்களுக்கே முகவரை மேற்பார்வை பார்க்கும் பயிற்சி கொடுத்துப் பார்த்த பிறகுதான் ஆள் குறைப்புப் பேச்சே எழ வேண்டும்.

மென்பொருள் விற்பவர்களிடம் எங்கள் கேள்விகள் நேரானவை. எங்கள் வாடிக்கையாளர் பட்டியல் எந்த நாட்டுக் கணினியில் இருக்கும்? அதை வைத்துப் போட்டிக் கம்பெனியின் முகவரைப் பழக்குவீர்களா? சந்தாவை நிறுத்தினால் எங்கள் தரவு முழுதும் திரும்பக் கிடைக்குமா? முகவர் பேசிய ஒவ்வொரு பேச்சும் பதிவாக எங்கள் கையில் இருக்குமா? எழுத்தில் பதில் தராதவரோடு ஒப்பந்தம் வேண்டாம் என்று உறுப்பினர்களுக்கு அறிவுறுத்துகிறோம். மாநிலக் குறு, சிறு தொழில் துறை இந்த நிபந்தனைகளைச் சேர்த்து ஒரு மாதிரி ஒப்பந்தத்தைத் தமிழில் வெளியிட வேண்டும். வக்கீல் வைத்துப் படிக்க வசதியில்லாத பட்டறைகளுக்கு அதுதான் காப்பு.

வாடிக்கையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் உறுப்பினர் நிறுவனம் ஒன்றின் பெயரில், தான் இயந்திரம் என்று சொல்லாமல் ஒரு குரல் உங்களிடம் பேசினால் எண்ணையும் நேரத்தையும் குறித்துச் சங்கத்துக்கு எழுதுங்கள். கேட்காத விளம்பர அழைப்பாக இருந்தால் ஏழு நாளுக்குள் 1909 என்ற எண்ணுக்கும் புகார் செய்யுங்கள்.