பெயர் இல்லாத பாட்டில் வேண்டாம்!

கார் கண்ணாடி துடைக்கும் திரவம் தீர்ந்துவிட்டது. ஆனால் ஸ்பிரே பாட்டில் புதிது போலவே இருக்கிறது. அதை என்ன செய்வது?

சிலர் குப்பையில் வீசிவிடுகிறார்கள். சிலர் கழுவாமலே அதில் வேறு எதையாவது ஊற்றி வைக்கிறார்கள்.

இரண்டுமே தவறு. முதல் தவறு காசுக்குக் கேடு. இரண்டாவது தவறு உயிருக்கே கேடு.

2020-ம் ஆண்டில் கொரோனா வந்தது. கைகழுவும் திரவத்துக்காக ஸ்பிரே பாட்டில் வீட்டுக்கு வீடு நுழைந்தது. இன்று சொந்தக் கார் வைத்திருக்கும் குடும்பத்திலும், வாடகைக் கார் டிரைவரிடமும், வாட்டர் சர்வீஸ் கடையிலும் நாலைந்து பாட்டில்கள் இருக்கின்றன. ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் கண்ணாடித் திரவம், ஒன்றில் டயர் பாலிஷ், ஒன்றில் சக்கரக் கறை போக்கும் ஆசிட்.

எது எதில் இருக்கிறது? ஊற்றியவருக்குத் தெரியும். மற்றவருக்கு?

அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

வீசுவது ஏன் தவறு?

ஸ்பிரே பாட்டில் ஒருமுறை உபயோகித்துவிட்டு எறியும் பொருள் அல்ல. அது ஒரு சிறிய பம்பு.

விசையை அழுத்தினால் உள்ளே இருக்கும் தண்டு திரவத்தை மூக்கு வழியாக வெளியே தள்ளுகிறது. விசையை விட்டால் ஸ்பிரிங் அந்தத் தண்டைப் பின்னால் தள்ளுகிறது. உடனே குழாய் வழியாகப் புதுத் திரவம் மேலே ஏறுகிறது. இவ்வளவு வேலை செய்யும் சாதனத்தை ஒரே மாதத்தில் குப்பையில் போடுவது என்ன நியாயம்?

அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண் இருந்தால் அது கெட்டியான பிளாஸ்டிக். பல தடவை நிரப்பலாம். 1 என்று இருந்தால் அது தண்ணீர் பாட்டில் செய்யும் இனம். அதையும் சில தடவை நிரப்பலாம். விரிசல் விட்டால் மட்டும் கழித்துவிட வேண்டும்.

கழுவாமல் நிரப்பினால்?

டயர் பாலிஷ் இருந்த பாட்டிலில் கண்ணாடித் திரவத்தை ஊற்றினால் என்ன ஆகும்? டயரைப் பளபளக்க வைக்கும் சிலிக்கோன் எண்ணெய் முன் கண்ணாடியில் படியும். பகலில் அது கண்ணுக்குத் தெரியாது. இரவில் எதிரே வரும் லாரியின் விளக்கொளி பட்டதும் கண்ணாடி முழுவதும் மங்கிப் போகும். டிரைவருக்குப் பாதை தெரியாது. ஒரு பாட்டிலைக் கழுவாத சோம்பல், ஒரு குடும்பத்தையே நடுரோட்டில் நிறுத்திவிடும்.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு.

சக்கரக் கறை போக்கும் திரவங்கள் சிலவற்றில் ஆசிட் இருக்கிறது. அந்தப் பாட்டிலைக் கழுவாமல், குளியல் அறைக்காக பிளீச்சிங் திரவத்தை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். அது விஷ வாயு. 1915-ம் ஆண்டு ஏப்ரல் 22-ந் தேதி, முதல் உலகப் போரில், பெல்ஜியம் நாட்டின் ஈப்ரே நகர் அருகே ஜெர்மன் படை எதிரிகள் மீது ஏவியதும் இதே வாயுதான். போர்க்களத்தில் உயிர் குடித்த வாயுவைக் குளியல் அறையில் உண்டாக்கலாமா?

கண்ணாடித் திரவங்கள் சிலவற்றில் அம்மோனியா உண்டு. அதுவும் பிளீச்சிங் திரவத்தோடு சேரக் கூடாது. சேர்ந்தால் மூச்சை அடைக்கும் நச்சு வாயு வரும்.

மூன்று முறை கழுவ வேண்டும்

கழுவுவது பெரிய வேலை அல்ல. பத்து நிமிடம் போதும்.

முதலில், மிச்சம் இருக்கும் திரவத்தை அது செய்ய வேண்டிய வேலைக்கே செலவிட வேண்டும். ஷாம்பு மிச்சம் இருந்தால் அந்தத் தண்ணீராலேயே காரைக் கழுவலாம். கிணற்றடியிலும் குளக்கரையிலும் கொட்டக் கூடாது.

பிறகு தண்ணீர் ஊற்றி மூடிக் குலுக்கிக் கொட்ட வேண்டும். இப்படி மூன்று முறை செய்ய வேண்டும். ஏன் மூன்று முறை? ஒரே தடவையில் நிறையத் தண்ணீர் விட்டால் போதாதா?

கணக்குப் பார்க்கலாம். பாட்டிலில் 5 மில்லி திரவம் ஒட்டியிருக்கிறது. 300 மில்லி தண்ணீரை ஒரே தடவையில் விட்டுக் கொட்டுகிறோம். மறுபடியும் 5 மில்லி ஒட்டி நிற்கும். அதில் பழைய திரவத்தின் காரம் 61-ல் ஒரு பங்கு இருக்கும். அதே 300 மில்லியை, 100 மில்லி வீதம் மூன்று தடவை விட்டுக் கொட்டினால்? காரம் 9 ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். தண்ணீர் ஒன்றுதான். பலன் நூறு மடங்குக்கும் மேல்!

தலையை மறக்கக் கூடாது

பலர் பாட்டிலைக் கழுவுவார்கள். விசை உள்ள தலையைக் கழுவ மாட்டார்கள். பழைய திரவம் ஒளிந்திருப்பது அந்தத் தலையிலும் குழாயிலும்தான்.

ஒரு வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துக்கொள்ள வேண்டும். குழாயை அதில் முக்கி, நுரை நிற்கும் வரை விசையை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கொதிக்கும் தண்ணீர் ஆகாது. பாட்டில் நெளிந்துவிடும்.

போர் தண்ணீரைக் கலக்கும் ஊர்களில் மூக்குத் துவாரத்தில் வெள்ளையாக உப்புப் படியும். நன்றாகக் கழுவிய பிறகு மூக்கை வினிகரில் அரை மணி நேரம் ஊறப் போட்டால் அது கரைந்துவிடும். ஆனால் வினிகரும் ஒருவகை ஆசிட்தான். பிளீச்சிங் திரவம் இருந்த தலைக்கு வினிகர் காட்டக் கூடாது.

கடைசியாக, பாட்டிலையும் தலையையும் தனித்தனியே கவிழ்த்து நிழலில் உலர்த்த வேண்டும்.

சில பாட்டில்களை இப்படிக் கழுவினாலும் வேறு வேலைக்கு எடுக்கக் கூடாது. ஆசிட் இருந்த பாட்டிலில் ஆசிட்தான். பெட்ரோல், தின்னர் இருந்த பாட்டிலும் அப்படியே. காற்று அடைத்த ஸ்பிரே டின்னைத் துளை போடவோ நிரப்பவோ முயலவே கூடாது. அது வெடித்துவிடும்.

கார் திரவம் இருந்த பாட்டில் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் குடிதண்ணீருக்கும், சமையல் எண்ணெய்க்கும், குழந்தையின் தலைக்குத் தண்ணீர் தெளிப்பதற்கும் உதவாது.

குழந்தைக்குப் பேதம் தெரியாது

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. கார் ஷாம்புவையும் பாலிஷையும் கலர் பாட்டிலில் ஊற்றி வைக்கிறார்கள். நீலத் திரவம், சிவப்புத் திரவம், பச்சைத் திரவம்! குழந்தை அதைக் கலர் என்றே நினைக்கும். மண்ணெண்ணெயைக் கலர் பாட்டிலில் வைத்ததால் அதைக் குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகள் நம் நாட்டில் எத்தனையோ பேர்.

அப்படி நடந்துவிட்டால் குழந்தையை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மண்ணெண்ணெய் போன்றவை வாந்தியோடு நுரையீரலுக்குள் போய்விடும். ஆசிட் மறுபடியும் தொண்டையைச் சுடும். உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும். பாட்டிலையும் கையோடு கொண்டு போக வேண்டும்.

"குழந்தை என்ன குடித்தது?" இதுதான் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி. பாட்டிலில் பெயர் இருந்தால் பதில் கிடைக்கும். பெயர் இல்லாவிட்டால் தாயும் தகப்பனும் என்ன சொல்வார்கள்?

தமிழில் எழுத வேண்டும்

ஆகவே, கழுவிய பாட்டிலுக்குப் பெயர் எழுத வேண்டும். பழைய லேபிளைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். பொய்ப் பெயர் தாங்கிய பாட்டில், பெயர் இல்லாத பாட்டிலைவிட மோசம்.

நாலு விவரம் போதும். உள்ளே இருப்பது என்ன? எவ்வளவு தண்ணீர் கலந்தது? என்றைக்கு ஊற்றியது? அதில் ஆபத்து உண்டா? இதைத் தமிழில், பெரிய எழுத்தில் எழுதி, மேலே கண்ணாடி டேப் ஒட்டிவிட்டால் தண்ணீர் பட்டாலும் அழியாது. படிக்கத் தெரியாதவருக்காக ஆசிட் பாட்டிலின் கழுத்தில் ஒரு சிவப்பு டேப் சுற்றலாம்.

வாட்டர் சர்வீஸ் முதலாளிகளுக்கு இது கடமை. அங்கே பெரிய கேனில் வாங்கி, சின்னப் பாட்டில்களில் பிரித்து ஊற்றுகிறார்கள். நாள் முழுவதும் அந்தப் பாட்டிலைப் பிடிப்பவர் தொழிலாளி. அவர் கையில் இருப்பது ஷாம்புவா, ஆசிட்டா என்று அவருக்குத் தெரிய வேண்டாமா?

கம்பெனிகளுக்கும் பொறுப்பு உண்டு. பொட்டலப் பொருள்களுக்கான 2011-ம் ஆண்டு விதிகளின்படி விவரங்களை இந்தியிலோ ஆங்கிலத்திலோ அச்சிட வேண்டும். கூடவே வேறு மொழியிலும் அச்சிடலாம். அதற்குத் தடை இல்லை. தடை இல்லாதபோது, தமிழ்நாட்டில் விற்கும் ஆசிட் பாட்டிலில் "இது ஆசிட். குழந்தை கைக்கு எட்டாமல் வைக்கவும்" என்று இரண்டு வரி தமிழில் போட்டால் என்ன குறைந்துவிடும்? திரவத்தை மட்டும் பாக்கெட்டில் மலிவாக விற்றால் பாட்டிலும் குப்பைக்குப் போகாது.

"புது பாட்டில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறதே, இவ்வளவு பாடு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். புது பாட்டில் வாங்கினாலும் அதில் பெயர் எழுதித்தானே ஆக வேண்டும்? எழுதாவிட்டால் புதிதும் ஒன்றுதான், பழையதும் ஒன்றுதான்.

பாட்டிலைப் பத்திரப்படுத்துவது சிக்கனம். கழுவி வைப்பது சுத்தம். பெயர் எழுதி வைப்பது உயிருக்குக் காவல். முதல் இரண்டைச் செய்கிறவர்கள் மூன்றாவதை மறந்துவிடக் கூடாது.