எத்தனை முழத்தில் தண்ணீர்?



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் சின்ன வயசுக் கதை கேட்டால், பேச்சு பாலாற்றில்தான் போய் நிற்கும். வெள்ளம் வரும் சில நாட்கள் போக, அன்றும் அது மணல் ஆறுதான். ஆனால் மணலைக் கையால் பறித்தால் ஊற்று சுரக்கும். கொட்டாங்கச்சியில் மொண்டு குடத்தை நிரப்புவது பிள்ளைகள் வேலை. வயலில் கவலை இறைக்கும் சத்தம், தை பிறந்தால் எருது விடும் விழா, மாசியில் மயானக்கொள்ளை என்று கதை நீளும்.

அதே கதையில் தோல் பதனிடும் ஷாப்பும் வரும். அன்று பதனிட்டது ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும். சுண்ணாம்புக் குழியின் நெடி அப்போதும் உண்டு. 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. குரோமில் பதனிடுவது பெருகியது; ஷூ கம்பெனிகள் வந்தன. பல வீடுகளில் பெண்கள் கைக்கு முதன்முதலாக மாதச் சம்பளம் வந்தது. கூடவே, தோல் கழிவு கலந்து கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போனது. 1996-லும், மறுபடி 2025 ஜனவரியிலும் இந்த மாசு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

தண்ணீர் எவ்வளவு கெட்டது என்பதற்கு வழக்குக் கட்டுகளில் கணக்கு இருக்கிறது. கெடுவதற்கு முன் எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி, நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆயாவும் தாத்தாவும் நானியும்தான்.

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் பிளாக்ஸ்ஹால் என்றொரு சிற்றூர். ஜார்ஜ் எவர்ட் எவான்ஸ் அங்கே குடியிருந்தபோது, அக்கம்பக்கத்து முதியவர்களிடம் புல் அறுத்ததையும் ரொட்டி சுட்டதையும் கேட்டுக் கேட்டு எழுதினார். 1956-ல் அது புத்தகமானது. அவர் கேட்டதெல்லாம் கைவேலை பற்றிய சின்னச் சின்னக் கேள்விகள்.

நீங்களும் அப்படியே கேட்டு, எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். எத்தனை முழம் பறித்தால் தண்ணீர் வந்தது? எந்த மாதம் வற்றியது? பட்டை எந்த மலையிலிருந்து வண்டியேறி வந்தது? சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர்கள் எந்தத் தெருக்காரர்கள்? யார் எந்த ஊற்றில் மொள்ளலாம்? கடைசி இரண்டு கேள்விக்கும் பதிலில் சாதி வரும். அதை விட்டுவிட்டு ஊரின் அழகை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள்.

எழுத வரவில்லையென்றால் பேரப்பிள்ளையின் போனில் பேசிப் பதிவுசெய்து அனுப்புங்கள். எழுதிக்கொள்வது எங்கள் பொறுப்பு. ஊர்ப் பெயரும் ஏறத்தாழ எந்த வருடம் என்பதும் மட்டும் மறக்காமல் இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்