சுங்க அட்டவணையில் பிளாஸ்டிக் தாள்

சித்தூரை அடுத்த கங்காதர நெல்லூர்ப் பகுதியில் தமிழும் தெலுங்கும் கலந்தே வழங்குகின்றன. கூரைக்குப் போடும் தகரத்தையும் பூவின் இதழையும் தெலுங்கில் 'ரேகு' என்ற ஒரே சொல்லால் குறிப்பர். வீட்டுப் பேச்சில் இதனால் எவருக்கும் தீங்கில்லை. ஆனால், வெளிநாட்டிலிருந்து பிளாஸ்டிக் தாளை வரவழைத்துச் சென்னைத் துறைமுகத்தில் விடுவிக்க முற்படுபவருக்கோ, பெயர் பிறழ்ந்தால் தீர்வையும் பிறழும்.

1975ஆம் ஆண்டின் சுங்கத் தீர்வைச் சட்ட அட்டவணை, 1986 முதல், பிரஸ்ஸல்ஸில் உருவான சர்வதேச ஒத்திசைவு முறையைத் தழுவி நிற்கிறது. அதன் 39ஆம் அத்தியாயம் பிளாஸ்டிக்குக்கு உரியது. தகடு, தாள், படலம், மென்தகடு, பட்டை ஆகிய ஐந்தும் 39.20, 39.21 என்னும் தலைப்புகளில் ஒருங்கே கூறப்படுகின்றன.

இச்சொற்களை முதலில் மொழிபெயர்த்தபோது, தடிப்பைக் கொண்டு ஒன்றினின்று ஒன்றைப் பிரித்துக் காட்டுவதே என் கடமை என்று எண்ணிப் பல நாட்களைச் செலவிட்டேன். அது வீண் உழைப்பு. எல்லைக்கோடு வேறிடத்தில் இருக்கிறது. நுண்ணறைகள் இன்றியும், வேறு பொருளுடன் இணைத்து வலுவூட்டப்படாமலும் உள்ள தாள் 39.20இல் சேரும், நுரைத்த தாளும் வலுவூட்டிய தாளும் 39.21இல் சேரும், தானே ஒட்டும் பசையுடையது 39.19க்குச் செல்லும். சதுரமாகவோ செவ்வகமாகவோ வெட்டிய அளவில் தாள் தாளாகவே இருக்கும். வட்டமாக வெட்டினாலோ, துளையிட்டாலோ, அது பொதுவாகப் 'பண்டம்' ஆகி வேறு தலைப்பை அடையும்.

பண்ணைக் குட்டையின் அடியில் விரிக்கும் தாளை எடுத்துக்கொள்வோம். அது ஒரே படலமாயின் ஐயமில்லை. பிளாஸ்டிக் பட்டைகளால் நெய்து மேலே பூச்சிட்டதாயின், பட்டையின் அகலம் 5 மில்லிமீட்டருக்கு மேற்பட்டதா, பூச்சு கண்ணுக்குப் புலப்படும்படி இரு பக்கமும் உள்ளதா என்று பார்த்தல் வேண்டும். விடையைப் பொறுத்து அது பிளாஸ்டிக் அத்தியாயத்திலோ நெசவுப் பொருள் அத்தியாயங்களிலோ சேரும். குட்டையில் நீர் கசியாமை என்னும் பயன் இரண்டிலும் ஒன்றே. சட்டமோ பயனை அன்று, அமைப்பையே முதலில் நோக்குகிறது.

சட்டத்திற்கு ஆங்கில மூலமே ஆதாரம். தமிழ் விளக்கத்தால் பயன் யாது என்று சிலர் வினவுவர். 2011 முதல் இறக்குமதியாளரே தம் பொருளின் தலைப்பைத் தேர்ந்து தீர்வையைக் கணக்கிட்டு அறிவிக்க வேண்டியிருக்கிறது. பின்னர் பிழை காணப்பட்டால் குறைந்த தீர்வையும் வட்டியும் அவரைத் தேடி வரும். வேண்டுமென்றே மறைத்ததாகக் கருதப்பட்டால் அபராதமும் உண்டு. தாம் கையெழுத்திடும் வாசகத்தின் பொருளை ஒருவர் தம் மொழியில் அறிந்துகொள்ள வேண்டாமா? நீதிமன்றத்தில் அன்று, கையெழுத்திடும் மேசையிலேயே தமிழ் விளக்கம் தேவைப்படுகிறது.

ஆகவே, ஒவ்வொரு தலைப்புக்கும் எளிய தமிழ் விளக்கமும், அதனுடன் பொருளின் சிறு மாதிரியும் அலுவலகங்களில் கிடைக்கச் செய்தல் நன்று. களப்பணியாளர் தாளைக் குறிக்கும்போது மூலப்பொருள், நுரைப்பு, வலுவூட்டம், பசை, வெட்டு ஆகிய ஐந்தையும் எழுதுவாராக. ஆசிரியர்கள் வகுப்பிலேயே தொடங்கலாம்: வேறு பொருள் கலவாத பாலிதீன் துண்டு நீரில் மிதக்கும், பி.வி.சி. துண்டு அமிழும். இது ஒரு குறிப்பே; முடிவு கூற வேண்டியது சோதனைச்சாலை. எனினும், பெயரை நம்பாமல் பொருளைச் சோதித்தறியும் பழக்கம் அங்கிருந்தே பிறக்கிறது.

ஐயம் நீங்காவிடில், பொருளை வரவழைக்கும் முன்பே முன்கூட்டிய தீர்ப்பு கோரச் சுங்கச் சட்டம் வழி செய்துள்ளது. சரக்கு துறைமுகத்தில் தங்கியபின் வாதாடுவதைவிட, வருமுன் வினவுவதே சிக்கனம்.