கிரகணம் காரணமில்லை

குழந்தையின் கை கட்டை விரல் பக்கமாக மடங்கியிருக்கிறதா? "கிரகணத்தன்னைக்கு வெளியே போனியாம்மா?" என்று தாய் மீதுதான் முதலில் பழி விழும். உண்மையில், கரு உருவான முதல் இரண்டு மாதங்களுக்குள் முன்கை எலும்பு ஒன்று முழுமையாக வளராததுதான் இந்தக் குறை. தாயின் தவறு எதுவுமில்லை.

வளர வளரத் தானாகச் சரியாகும் என்று காத்திருக்கவும் கூடாது. பிறந்ததுமே கையை நீவி நிமிர்த்தும் பயிற்சி, மாவுக்கட்டு என்று தொடங்குவார்கள். தேவைப்பட்டால், பெரும்பாலும் ஒரு வயதை ஒட்டி அறுவை சிகிச்சை. இருக்கிற முன்கை எலும்பின் மேல் மணிக்கட்டை நேராக நிறுத்துவார்கள். கட்டை விரலே இல்லையென்றால், ஆள்காட்டி விரலை இடம் மாற்றிக் கட்டை விரலாக்குவார்கள். இதயம், சிறுநீரகம், ரத்தப் பரிசோதனைகளும் அவசியம். வளரும்போது கை மீண்டும் வளையலாம் என்பதால் தொடர்ந்து காட்ட வேண்டும்.

அனுப்பம்பட்டு, பொன்னேரி, பழவேற்காடு மக்களுக்கு வடசென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை எட்டும் தூரம்தான். அங்கே கை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவை 1971-ல் தொடங்கியவர் டாக்டர் ஆர்.வெங்கடசாமி.

வலை பின்னவும், பேனா பிடிக்கவும் கட்டை விரல் வேண்டும். பிள்ளையின் கையைத் துணிக்குள் மறைக்காதீர்கள். சீக்கிரமே டாக்டரிடம் காட்டுங்கள்!